அம்மா சொல்லாத பதில்

பிள்ளைகளே, ரேடியோவில் கேள்வி கேட்டுப் பரிசு அறிவிக்கிறவர் எங்கள் சொந்தக்காரர் என்று பள்ளிக்கூடத்தில் பெருமை பேசுகிறீர்களாம். பேசுங்கள். ஆனால் அவர் முதன்முதலாக மைக் பிடித்த சாயங்காலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் என் அம்மாவின் தம்பி. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் எங்கள் வீட்டில் இருந்தார். அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் திருவிழா. நாடகம் தொடங்குமுன் பெண்களுக்குக் கேள்விப் போட்டி வைத்தார்கள். பரிசு எவர்சில்வர் குடம். கேள்வி கேட்க மாமாவை மேடையேற்றிய விழாத் தலைவர், முன்வரிசையில் அம்மாவைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“ஏப்பா, ஒங்க அக்காளும் ஒக்காந்திருக்கு. கொடம் ஒங்க வீட்டுக்குப் போச்சுன்னா, ஒன் மைக் இன்னியோட சரி.”

“கேள்விய நீங்களே எழுதிக் குடுங்க. நான் வாசிக்கிறேன்.”

“தாரேன். அப்பவும் நான் சொன்னது சொன்னதுதான்.”

மைக் திறந்திருந்தது. பந்தல் முழுக்கக் கேட்டுவிட்டது.

ஒவ்வொருவராக விலகி, அம்மாவும் மிளகாய் வியாபாரி வீட்டு அத்தையும் மிஞ்சினார்கள். கடைசிக் கேள்வி அம்மாவுக்கு. சொன்னால் குடம் அம்மாவுக்கு, தவறினால் அத்தைக்கு.

“அர்ச்சுனனுக்குத் தேரோட்டியது யார்?”

பந்தலே சிரித்தது. என் அப்பா பெயர் கிருஷ்ணன். புருஷன் பெயரை அம்மா வாயால் சொல்வாளா? சர்க்கார் ஆள் வந்து கேட்டாலும் என்னை முன்னே தள்ளித்தான் சொல்ல வைப்பாள். அன்றும் அது என் வேலை என்று நினைத்து, மேடைக்கு ஓடி மைக்கில் “கிருஷ்ணன்” என்று கத்தினேன்.

“மகன் சொன்னா ஆத்தா சொன்ன மாதிரிதானப்பா, குடுத்துரு” என்றது ஒரு குரல்.

மாமா அம்மாவையே பார்த்தார். “நீங்க சொல்லுங்கக்கா.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, “தெரியல” என்றாள். குடம் அத்தை இடுப்பில் ஏறியது.

வீட்டில் நான் மாமாவுக்கு முகம் கொடுக்கவில்லை. அம்மாவோ அவருக்குத்தான் முதலில் இலை போட்டாள். “நல்லாக் கேட்டடா தம்பி” என்றாள். எனக்கு அழுகை வந்தது.

அடுத்த ஊர்த் திருவிழாவுக்கு மாமாவைக் கூப்பிட்டார்கள். அப்படியே ஊர் ஊராக, ரேடியோ வரை போனார். நான் எட்டாவது வரை படித்தது அவர் புண்ணியத்தில்தான்.

போன வாரம் உங்கள் கடைசித் தங்கையைத் தொட்டிலில் போட்டு அம்மா தாலாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணா என்றாள், கோபாலா என்றாள், கோவிந்தா என்றாள். கேட்டுக்கொண்டே நின்றேன். புருஷன் பெயரைத் தொடாமல் பதில் சொல்ல அவளுக்கு எத்தனை பெயர் தெரிந்திருக்கிறது! ஒன்றைச் சொல்லியிருந்தால் குடம் வந்திருக்கும். மைக் போயிருக்கும்.

அவள் எழுந்து கொல்லைக்குப் போனபின் தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை அதற்கு முன்பே தூங்கியிருந்தது.