கன்னத்துக்கு ஆகாத அடைப்பு

சலவைக் கடையில் இஸ்திரி போடும் அக்காவை எல்லோரும் 'ரேடியோ' என்றே கூப்பிட்டார்கள். கை துணியில் ஓட, வாய் ஊர்க்கதையில் ஓடும். அந்த வாய் ஒரு மழைக்காலத்தில் அடங்கிப் போனது.

காரம் பட்டால் இடது கன்னத்தின் உள்பக்கம் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தாள். வலை பின்னியதுபோல வெள்ளைக் கோடுகள். வாய்ப்புற்றில் போன பக்கத்து வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பஸ் பணிமனையில் வேலை பார்த்த கணவன்தான் கேட்டான். "என்னடி, கொஞ்ச நாளா சண்டையே போடல? கோபமா?"

அவள் அழுதுகொண்டே வாயைத் திறந்து காட்டினாள். மறுநாளே பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனான்.

டாக்டர் கன்னத்தை விலக்கிப் பார்த்தார். "இந்தக் கடைவாய்ப் பல்லுல வெள்ளி அடைச்சிருக்கீங்க. கன்னம் அதுல உரசுற இடத்துல மட்டும்தான் கோடு. அடைப்புல பாதரசம் கலந்திருக்கும். முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் செய்யாது. சிலர் உடம்பு மட்டும் அதைப் பகையா நெனச்சுக்கும். நோயை எதிர்க்கிற அணுவெல்லாம் அங்க வந்து மல்லுக்கு நிக்கும். அடி வாங்குறது சொந்தக் கன்னம்."

"கல்யாணத்துக்கு முன்னாடி அடைச்சது டாக்டர். இப்பப் போய்யா?"

"வருஷக்கணக்கா ஒத்துப்போனது திடீர்னு ஆகாமப் போறதும் உண்டு."

அவளுக்குக் கேட்க நாக்கு எழாததை அவன் கேட்டான். "புற்று இல்லையே?"

"எனக்கு அப்படித் தோணல. ஆனா தோணுறத வச்சுச் சொல்லக் கூடாது. துளி சதை எடுத்துப் பார்த்துடலாம்."

முடிவு வரும்வரை அவனே சமைத்தான், மிளகாய் இல்லாமல். தானும் அதையே தின்றான்.

"உங்களுக்கு எதுக்கு இந்தத் தண்டனை?"

"ரெண்டு சமையல் யாரால ஆகும்? பேசாம சாப்பிடு."

புற்று இல்லை என்று வந்தது. வெள்ளியை எடுத்துவிட்டுப் பல் நிறத்தில் வேறொன்றை அடைத்தார்கள்.

"என் வாயிலயும் ரெண்டு வெள்ளி இருக்கு. எடுத்துடலாமா?" என்றான் அவன்.

டாக்டர் சிரித்தார். "உங்களுக்குத் தொந்தரவு இல்லையே? சும்மா கிடக்கிற சங்கை ஏன் ஊதிக் கெடுக்கணும்?"

கோடுகள் ஒரேயடியாகப் போகவில்லை. மாதங்கள் போகப் போக மங்கின. ஒரு விடுமுறை நாளில் துணிந்து அவள் குழம்பில் மிளகாயைத் தூக்கலாகப் போட்டாள். கன்னம் எரியவில்லை. அவனுக்குத்தான் கண்ணில் நீர் கொட்டியது.

"காரமா?" என்று தண்ணீரை நீட்டினாள்.

"காரம்தான்" என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.