கிருத்திகையன்று போட்ட பந்தி

1. ரங்கூனிலிருந்தும் கண்டியிலிருந்தும் வந்து இறங்கிய குடும்பங்களுக்காக, செங்கம் சாலைச் சத்திரத்தில் என் அக்காவும் ஊர்ப் பெண்களும் பொதுச் சமையல் நடத்தினார்கள்.
2. வாரம் ஒரு வீட்டார் தங்கள் பக்கத்துச் சமையலைச் செய்வார்கள். எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுவோம். முறை போடுவது என் வேலை.
3. ரங்கூன்காரப் பெண்ணுக்கு ஞாயிறு போட்டிருந்தேன். அக்கா செவ்வாய்க்கு மாற்றச் சொன்னாள். மாற்றினேன்.
4. அந்தச் செவ்வாய் கிருத்திகை.

ஆஸ்பத்திரியில் ரத்தம், மூத்திரம் பரிசோதிக்கும் வேலை எனக்கு. கிழமைதான் தெரியும், நாள் நட்சத்திரமெல்லாம் அக்கா பார்த்துக்கொள்வாள். ரங்கூன்காரியிடமோ, கப்பலேறிய பிறகு பஞ்சாங்கமே இல்லை.

அவளுக்கு அன்று பெரிய நம்பிக்கை. "இவங்களுக்குப் பிடிச்சிதுன்னா தீபத் திருவிழாவுக்குக் கடை போட்டுடுவேம்மா. இவங்க நல்லாருக்குன்னு சொன்னாத்தான் ஊரு வாங்கும்" என்றாள். ஊராருக்காக மீனை விட்டுவிட்டு, தேங்காய்ப்பாலில் கடலைமாவு கரைத்து, வெங்காயம் வதக்கிப்போட்டு, கவ்சுவே செய்திருந்தாள். சேமியாவைவிடத் தடித்த மாவு இழைகளில் அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவது அது.

இலை போட்டதும் அக்கா கைகூப்பினாள். "இன்னிக்குக் கிருத்திகை. வெங்காயம் ஆவாதும்மா. தப்பா நெனச்சிக்காதீங்க."

ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். அவர்களைப் பார்த்துக் கண்டிக் குடும்பத்தாரும் இலையைவிட்டு எழுந்தார்கள். நான் சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்து ரங்கூன்காரியும் சாப்பிட்டாள்.

"கிருத்திகையக்கூட மறந்துட்டு நிக்கிறேனே, என்ன பொம்பள நான்" என்று அவள்தான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். மீதியைத் தூக்கிக்கொண்டு அவள் போகும்போது அக்கா வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் வெங்காய சாம்பார்.

"விரதம்னு சொன்னியே?"

"அது சத்திரத்துல." சோற்றைப் பிசைவதை அவள் நிறுத்தவில்லை. "கருவாட்டு விழுது இல்லாம அவங்களுக்குச் சமைக்கவே வராதாம். மூஞ்சிக்கு நேரா வேணாம்னா மனசு நோவும். சாமி மேல போட்டா யாருக்கும் வருத்தமில்ல பாரு. அதான் நம்ம ஊர்ப் பொம்பளைங்க எல்லாருகிட்டயும் முன்னாடியே சொல்லி வெச்சேன்."

"என்கிட்ட சொல்லலியே."

"உன்கிட்ட சொன்னா நீ மாத்தியிருப்பியாடி? மூத்திரம் சோதிக்கிறவளுக்கு எதுவும் அருவருப்பில்ல. நாங்க அப்படியா?" என்று சிரித்தாள்.

ரங்கூன்காரிக்கு மனசு நோகக்கூடாது என்று அவ்வளவு யோசித்தவள், என்னை யோசிக்கவில்லை. கிழமையை மாற்றி அவளிடம் சொன்ன வாய் என்னுடையது.

மறுநாள் நானே போய் ரங்கூன்காரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நான் மறந்ததால இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

தீபத்துக்கு அவள் கடை போடவில்லை. இப்போது கீழ்பென்னாத்தூரில் கூலிக்கு மல்லாட்டை, வேர்க்கடலைதான், உடைக்கப் போகிறாள். சத்திரத்தில் பந்தி நடக்கிறது. முறை போடுவது நானில்லை. அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அவள் சமைத்ததைத்தான் சாப்பிடுகிறேன். அவள் நாள் சொன்னால், காலண்டரைப் பார்க்கிறேன்.