ரிச்சர்ட்சனில் ஒரு ஓவர்ச்சர்

ரிச்சர்ட்சன் நகரில், பல்கலைக்கழக அரங்கில் ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை நடக்கிறது. கோவையில் என்னோடு வயலின் கற்ற கவிதா மேடையில் இரண்டாம் வரிசையில் இருக்கிறாள். கல்யாணத்தோடு வாசிப்பை விட்டுவிட்ட நான், டெக்சாஸ் பயணத்தின் நடுவே அவளைப் பார்க்க வந்து, கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இடைவேளையில் இறங்கி வருகிறாள்.

"இப்ப வாசிச்சோமே, இதை எழுதின ஜெர்மன்காரனுக்கு அப்போ சின்ன வயசுடி. பாடியே நடிக்கிற நாடகம், காமெடி ஆப்பரா. ஓடவே இல்ல. திரை விலகுறதுக்கு முன்னாடி வாசிக்கிற இந்த ஓவர்ச்சர்தான் நின்னுச்சு."

ஓடவில்லை என்றதும் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம்.

"அப்பல்லாம் நீதான் என்னைவிட நல்லா வாசிப்ப. ட்ரை பண்றியா?" வயலினை நீட்டுகிறாள்.

"விரல் வலிக்குதுடி" என்று பொய் சொல்கிறேன்.

ஒத்திகை தொடர்கிறது. இசை குதித்துக்கொண்டு ஓடுகிறது. கவிதா ஓரிடத்திலாவது தப்பாக வாசிக்க மாட்டாளா என்று அவள் வயலின் வில்லையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசிவரை அவள் தப்புச் செய்யவே இல்லை.