முன் வரிசைக் காதுகள்

காதைச் சோதிக்கும் வேலையில் ஒரு வசதி உண்டு: நாம் சொல்வதை ஒருவர் கேட்கவில்லை என்றால், அதற்குக் காதுதான் காரணமா என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் காது காரணமாக இருக்காது.

விருதுநகரில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பீரோவைவிடக் கொஞ்சம் பெரிதாக, சத்தம் புகாத ஓர் அறை. உள்ளே நோயாளி ஹெட்போன் மாட்டி உட்கார்வார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவேன்; கேட்டால் அவர் பட்டனை அமுக்க வேண்டும், என் பக்கம் விளக்கு எரியும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எந்தச் சத்தம் எந்த அளவில் கேட்டது என்று காட்டும் கிராஃபை மூன்று முறை சரிபார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். 'டாக்டரம்மா' என்று கூப்பிடுகிறவர்களிடம் 'நான் டாக்டர் இல்லைங்க' என்று உடனே சொல்லிவிடுவேன். சரி என்று தலையாட்டிவிட்டு, போகும்போது 'வர்றேன் டாக்டரம்மா' என்பார்கள்.

பங்குனியில் ஆரம்பித்து வைகாசி முடியும்வரை எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் அம்மன் கோயில் பொங்கல், ஊருக்கு ஊர் பாட்டுக் கச்சேரி. கச்சேரிக்கு மறுநாள் எங்கள் பெஞ்சில் கூட்டம். கச்சேரிக்குப் போகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே பிடிக்கும். ஸ்பீக்கர் பெட்டியை விட்டுத் தள்ளி உட்காருங்கள், காதில் அடைப்பான் வையுங்கள், நடுவில் எழுந்துபோய்க் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். மூன்றே விஷயம். யாரும் கேட்காத நல்ல விஷயத்தைச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவர்கள் உங்களில் இருந்தால், இனி வருவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

இந்த வருடம் எனக்குச் சொந்தக் கவலையும் ஒன்று இருந்தது. அப்பாவை நாங்கள் அய்யா என்போம். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், தயாரான வெடியில் நாலைந்தை எடுத்துப் பொட்டலில் வெடித்துப் பார்க்கும் வேலை அவருக்கு. பல வருட வேலை. இடது காது போய்விட்டது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. மிச்சம் இருப்பது வலது காது. வைகாசியில் வரும் எங்கள் ஊர்ப் பொங்கல் கச்சேரியில் அய்யாவுக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

கொசுச் சத்தம்

சித்திரையில் ஒருநாள், பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டும் ஓர் அக்கா வந்தார். மூன்று நாள் கச்சேரி பார்த்ததில் காது அடைத்துக்கொண்டதாம். 'எவ்வளவு சின்னச் சத்தம் கேட்டாலும் பட்டனை அமுக்குங்க' என்று சொல்லி உள்ளே உட்கார வைத்தேன். நான் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். அவர் மடியில் கையை வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல் உட்கார்ந்திருக்கிறார். சத்தத்தைக் கூட்டினேன். அசையவில்லை. இந்த அளவு கேட்கவில்லை என்றால் இது கச்சேரியால் வந்ததாக இருக்காது, வேறு ஏதோ பெரிய வியாதி.

கதவைத் திறந்து, அவருடைய ஹெட்போனைக்கூடக் கழற்றாமல், பயத்தில் பாதிக் குரலில் 'அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?' என்றேன். 'குடு தாயி, நாக்கு வறண்டு போச்சு' என்றார் உடனே. எத்தனை சத்தம் கேட்டது என்று விசாரித்தேன். ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். கீச்சென்ற சத்தங்கள் மட்டும் உண்மையாகவே குறைந்திருந்தன. அதற்கான மருந்தை டாக்டர் எழுதினார். முதல் தடவை ஏன் அமுக்கவில்லை என்றதற்கு அந்த அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கொசு கத்துற மாதிரிதான கேட்டுச்சு. அதையெல்லாமா தாயி சத்தத்துல சேப்பீக?"

சிஸ்டர் பாடிய பாட்டு

எங்கள் கிளினிக்கின் நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாட்டுக் குழுவில் பாடுவார். அங்கே புதிதாக டிரம்ஸ் வாங்கினார்கள். அதற்கு நேர் முன்னால் சிஸ்டர். நோயாளிகளுக்கு நான் சொல்லும் அறிவுரையை எனக்கு முன்பே அவர் சொல்லி முடித்துவிடுவார். ஆனால் அவர் காதில் வைத்ததோ பஞ்சு. பஞ்சு போதாது என்று சொல்லி, ஒரு ஜோடி ஸ்பாஞ்ச் அடைப்பான் கொடுத்தேன். விரலால் மெல்லிசாக உருட்டி, மற்றக் கையால் காது மடலை மேலே பின்பக்கமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். இரண்டு நாள் பழகிக்கொண்டார்.

முதல் ஞாயிறு கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அடைப்பான் வைத்தால் நம் குரல் நமக்கே பெரிதாகக் கேட்கும். கத்துகிறோமோ என்று பயந்து அடக்கி வாசித்திருக்கிறார். அதை முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு, மன்னிப்புக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து, ஒரு நோயாளிக்கு விரல் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"பத்து வருசமாப் பாடுறேன். எங்க பாட்டு மாஸ்டர் இப்பத்தான் ஒன் குரல் நல்லா இருக்குங்கிறாரு. சந்தோசப்படவா, சண்டைக்குப் போகவா?"

வரி கொடுத்தவர்

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். தீப்பெட்டி ஆபீசில் வேலை. ஊர்ப் பொங்கல் முடிந்து ஒரு வாரமாகியும் காதில் இரைச்சல் நிற்கவில்லை. எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன். 'மொத வரிசை' என்றார், பெருமையாக. பெட்டி எவ்வளவு தூரம்? கையை நீட்டிக் காட்டினார். பெட்டியில் டீ கிளாஸை வைத்துக் குடித்திருக்கிறார். அடுத்த வருடம் நாலு வரிசை தள்ளி உட்காருங்கள் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கோபமாகக்கூட இல்லை. அவர்கள் ஊரில் எந்தத் தெருவிடம் திருவிழா வரி வாங்குகிறார்களோ அந்தத் தெருவுக்குத்தான் நாற்காலி. அவர்கள் தெருவிடம் வாங்க ஆரம்பித்தே கொஞ்ச வருடந்தான் ஆகிறதாம். அதற்கு முன் கயிறு கட்டியிருக்கும்; கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். எனக்கு அய்யாவின் நாற்காலி ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் எங்கள் தெருவுக்கு முன் வரிசையில் நாலு நாற்காலி கொடுத்திருப்பது இந்த வருடம்தான். அதில் ஒன்றுதான் அய்யாவுக்கு. சட்டைகூட எடுத்துவிட்டார். அந்த மனிதர் கிராஃபை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க அப்பன் நின்னு பாத்த எடத்துக்கு என்னயத் திரும்பப் போகச் சொல்றீகளே தாயி."

ரிப்பேரான பெட்டிகள்

பால்பாண்டி அண்ணன் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறார். பாதித் திருவிழாவுக்கு அவருடைய பெட்டிதான். டிவியை இவ்வளவு சத்தமாக வைத்தால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று மனைவி மிரட்டி அனுப்பியதால் வந்தார். கிராஃபைப் பார்த்தேன். நடுச் சத்தம்வரை நேராக வந்த கோடு, கீச்சுச் சத்தத்தில் கிணற்றுக்குள் இறங்குவது போல் இறங்கியது. ஜால்ராவின் 'சிங்' சத்தம், பேச்சில் ச, ஸ எல்லாம் அந்தக் கிணற்றுக்குள்தான்.

அதைச் சொன்னதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். இரண்டு மூன்று வருடமாக அவருடைய பெட்டிகள் எல்லாம் மந்தமாகப் பாடுவதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. கீச்சுச் சத்தத்துக்கான திருகுக் குமிழை ஒவ்வொரு சீசனிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். அவருக்கு மந்தம், கேட்ட ஊர்களுக்கெல்லாம் காதில் ஊசி. அந்த ஊசி பட்டவர்கள் என் பெஞ்சுக்கு வந்திருக்கிறார்கள். எனக்கு இது ஒரே கணத்தில் விளங்கியது. அவருக்கு விளங்கியது வேறு.

"அப்பப் பெட்டி ரிப்பேர் இல்லயா? அடப்பாவி, நல்ல பெட்டி நாலை வந்த வெலைக்குத் தள்ளி விட்டுட்டனே!"

அய்யா எழுதிய பரீட்சை

ஒருநாள் லீவு போடச் சொல்லி அய்யாவை கிளினிக்குக் கூட்டிவந்தேன். இடது காதில் ஆரம்பித்தேன். மிக மெல்லிய சத்தத்துக்கே பட்டனை அமுக்கினார். இன்னும் குறைத்தேன். அமுக்கினார். எனக்கே கேட்காத அளவுக்குக் குறைத்தேன். அதற்கும் அமுக்கினார். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துச் சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'மெஷினைப் பாக்காத, ஒங்க அய்யா கண்ணைப் பாரு' என்றார். அய்யாவின் கண், அறைக் கண்ணாடி வழியாக, என் விரல்மேல் இருந்தது.

நோயாளி பார்க்கும்படி விரலை அசைக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் வருடப் பாடம். அய்யா என்றதும் மறந்துவிட்டேன். கையை மறைத்துக்கொண்டு மறுபடி எடுத்தேன். இடது காதில் நெடுநேரம் பட்டன் விளக்கு எரியவே இல்லை. வலது காது பரவாயில்லை. ஆனால் பால்பாண்டி அண்ணனின் கிணறு அங்கேயும் மெல்ல ஆரம்பித்திருந்தது. வெளியே வந்தவரிடம் ஏன் அய்யா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ படிச்ச படிப்புக்குப் பரீட்சன்னு நெனச்சேன். நான் ஃபெயிலானா ஒனக்குத்தான கெட்ட பேரு."

நகர்ந்த பெட்டி

பொங்கலன்று மத்தியானம் பந்தலுக்குப் போய்ப் பார்த்தேன். அய்யாவின் நாற்காலி முன் வரிசையின் வலது கடைசி. அவருடைய வலது காதுக்கு நேராக, ஆள் உயரப் பெட்டி. பின்னால் உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தத் தீப்பெட்டி ஆபீஸ்காரர் அந்த வாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடைப்பானையாவது வையுங்கள் என்றேன். 'காதை அடச்சிட்டு முன்னாடி உக்காந்தா பாட்டுப் பிடிக்கலம்பாக. மொத வருசமே அப்பிடியா?' என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அக்கம்பக்கத்தில் கொடுத்துப் பார்த்தேன். மதினி முறையுள்ள ஒருத்தி ஒரு ஜோடி வாங்கி, ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்தாள்.

பெட்டி பால்பாண்டி அண்ணனுடையது. நல்லவேளை. அவரைத் தேடிப் பிடித்து, அய்யாவுக்கு இருப்பது ஒரே காதுதான், பெட்டியைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். 'சத்தம் பத்தலம்பாக தாயி' என்று தலையைச் சொறிந்தார். பிறகு விழாக் கமிட்டிக்காரர்களிடம் போனார். நான் பின்னாலேயே போனேன். காதைப் பற்றி ஏதாவது சொல்வார், யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அவர் காதைப் பற்றிப் பேசவே இல்லை. 'வரி கொடுத்தவுக மூஞ்சிக்கு முன்னாடி பெட்டிய நட்டமா நிறுத்துனா நல்லாவா இருக்கு? மேடைய மறைக்குதுல்ல. முன் வரிசைக்கு ஒரு மரியாதை வேணாமா?' என்றார். மரியாதை என்ற சொல் விழுந்ததும் நாலு பேர் பெட்டியைத் தூக்க ஓடினார்கள். பெட்டி பந்தலுக்கு வெளியே, ஓரமாக, உயரமான ஸ்டாண்டில் ஏறியது.

சாயங்காலம் கச்சேரி ஆரம்பித்தது. அப்போதும் சத்தம்தான், ஆனால் குத்தவில்லை. போனில் அளந்து பார்த்தேன். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்ததைவிட முன் வரிசையில் குறைவாக இருந்தது. போன் கணக்கைப் பாதிதான் நம்பலாம். பால்பாண்டி அண்ணன் திருகுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், இரண்டு காதிலும் நான் கொடுத்த மஞ்சள் அடைப்பான். கீச்சுத் திருகைத் தம்பி பொறுப்பில் விட்டிருந்தார். அய்யா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். சவுண்டு செட்டுக்காரரே வைத்திருக்கும்போது யார் என்ன சொல்லிவிட முடியும்? வலது காதில் நானே வைத்துவிட்டு, விரியும்வரை விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியோடு சேர்ந்து இடம் மாறிய இளவட்டங்கள் ஸ்டாண்டுக்கு அடியில் ஆடினார்கள். அவர்களுக்கு மறுநாள் பெஞ்சில் இடம் இருந்தது.

காலையில் டீ குடிக்கும்போது காது இரைகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். இந்தத் தடவை என் விரலைப் பார்க்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ புதுச் செய்தி சொல்கிறவர் போலச் சொன்னார்.

"இந்த வருசந்தான் தாயி, கச்சேரிப் பாட்டுல வார்த்தையெல்லாம் இருக்குன்னு தெரிஞ்சுச்சு."

நாற்காலியை நகர்த்தச் சொல்லக் கல்லூரியில் நாலு வருடம் படித்தேன். பெட்டியை நகர்த்தலாம் என்று தெரிந்துகொள்ள, நாலு நல்ல பெட்டியைத் தள்ளிவிட்ட ஒருவரிடம் போக வேண்டியிருந்தது.