காயில் இல்லாத மோட்டார்

புயல் மழை விட்டு வெள்ளம் வடிந்தபோது, கச்சிராயபாளையத்துக்குக் கீழே எங்கள் வயல்களில் இருந்த கிணற்று மோட்டார்கள் எல்லாம் சேற்றில் முங்கிக் கிடந்தன. கரும்பு சாய்ந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மோட்டார் ஓடாவிட்டால் அடுத்த நடவே கிடையாது. என் ஓரகத்தி பாடு இன்னும் மோசம். கொழுந்தனார் தவறிப்போன பிறகு குத்தகை நிலத்தோடு தனியாக மல்லுக்கட்டுகிறவள். அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த மோட்டார்தான்.

அந்த நேரம் பார்த்து ஊருக்குள் ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்தது. கழுத்தில் ஏதோ அட்டை தொங்க ஒருவன் இறங்கினான்.

"வெள்ளத்துல மூழ்கின மோட்டாருக்கெல்லாம் சும்மாவே காயில் கட்டித் தர்றோங்க. நிவாரணங்க. ஒரு வாரத்துல வூட்டாண்டயே கொண்டாந்து எறக்கிடுவோம்."

சும்மா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். "எந்தக் கடைப்பா? ரசீது குடு" என்றேன்.

"இன்னாங்க, நம்பிக்கை இல்லியா? ஊரே குடுக்குது" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் நாலைந்து மோட்டார்கள் வண்டியில் ஏறிவிட்டன. ஓரகத்தியுடையதும் அதில் ஒன்று.

"எறக்கச் சொல்லுடி" என்றேன் அவளிடம்.

"சும்மா குடுக்கறதயும் உன் வாயால கெடுக்காதக்கா. டவுனுக்கு எடுத்துக்கினு போயி கட்ட எனக்கு ஏது வழி?" கண் கலங்கிவிட்டாள். அவளிடம் கத்திப் பிரயோசனமில்லை என்று தெரிந்தது.

எங்கள் மாட்டுக்கொட்டகையில் ஒரு பழைய மோட்டார் உண்டு. எப்போதோ காயில் எரிந்துபோய், அந்தச் செம்புக் கம்பிச் சுற்றை உருவி எடைக்குப் போட்டுவிட்டோம். மிச்சம் வெறும் கூடு. என் வீட்டுக்காரரை அதைத் தூக்கி வரச் சொல்லி அவன் முன்னால் வைத்தேன்.

"இந்தாப்பா, இதயும் ஏத்திக்கோ."

ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தான். முகம் சுருங்கியது. "இது வேணாங்க. இதுல காயிலே இல்ல."

"அடப்பாவி! காயில் இல்லன்னுதான கட்டச் சொல்றோம்? காயில் இருந்தாத்தான் தூக்கினு போவேன்னா உனுக்கு வேண்டியது செம்பு. எங்க மோட்டார ஒடச்சி எடைக்குப் போடப் போற!"

"அது... வேற மாடலுங்க..." என்று இழுத்தான். வண்டியின் நம்பர் பலகையில் சேறு அப்பியிருந்தது. துணியால் துடைத்துப் போட்டோ எடுத்தேன். என் வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். டிரைவர் நைசாக வண்டியைக் கிளப்பப் பார்த்தான்.

என் ஓரகத்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி, தன் மோட்டார்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "இப்ப எட்றா வண்டிய, பாக்கலாம்!"

டிரைவர் இறங்கி வந்து கெஞ்சினான். முதலில் அவளுடையதைத்தான் இறக்கி வைத்தார்கள். எனக்கு உயிர் வந்தது. "வாடி, போதும்" என்று கை நீட்டினேன்.

அவள் என் கையைப் பிடிக்கவில்லை. அடுத்த மோட்டாருக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"மத்தவங்களுதும் எறங்கட்டும்க்கா. அப்புறம் நான் எறங்கறேன்."