குனிந்த தலையோடு போட்ட கையெழுத்து

என் கல்யாணத்தை எந்த ஊர் ஆபீஸில் பதிந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டவளே நான்தான். இதைக் கேட்டு இ-சேவை மையத்தில் இருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அவளை ஓர் அறை விடலாமா என்று வந்தது. அவள் மேல் தப்பில்லை. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கம்பெனிக்காரர்கள் என்னை அழைத்துக்கொள்ளத் தயார். ஆனால் நான்தான் மனைவி என்பதற்குத் திருமணப் பதிவுச் சான்று கேட்டார்கள். மர பீரோவைத் திறந்தால், நான் ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்க்காத சான்றுக் கவரைக் கரையான் தின்று மண்ணாக்கி வைத்திருந்தது. நகல் வாங்கப் போனால் முதல் கேள்வியே, "எந்த சப்ரிஜிஸ்டர் ஆபீஸ், அக்கா?"

எப்படித் தெரியும்? கல்யாணம் முடிந்ததும் மறுவீடு, விருந்து என்று எங்களை வேனில் ஏற்றி ஊர் ஊராகச் சுற்றினார்கள். அந்தச் சுற்றிலேயே, ஒரு விருந்துக்கும் அடுத்த விருந்துக்கும் நடுவில், பதிவையும் முடித்தார்கள். கிளம்பும்போது அம்மா என் காதில் சொன்னது ஒன்றுதான்: "போற எடத்துல தலைய நிமித்திக்கிட்டு நிக்காத. புதுப்பொண்ணுக்கு என்னா திமிருன்னு பேசுவாங்க." என் வாழ்க்கையிலேயே அந்தச் சில நாட்கள்தான் நான் அம்மா பேச்சைக் கேட்டது. பெயர்ப்பலகை மேலே இருக்கிறது. நான் பார்த்ததோ தரை. கருப்புக் கரை போட்ட சிவப்பு சிமெண்டுத் தரை, படியில் நசுங்கிக் கிடந்த வேப்பம்பழம், பக்கத்தில் அவருடைய புதுச் செருப்பு, அதற்குள் அவர் கால். வலது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சம், காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இங்க போடும்மா" என்று யாரோ விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வேனில் ஏறினோம். அடுத்த வீட்டில் கோழிக்குழம்பு.

அலைந்து திரிந்து பதிவு செய்த அப்பாவும் மாமனாரும் இப்போது இல்லை. குரும்பலூரில் மாமியாரைக் கேட்டேன். "எங்க வூட்டு மருமவள நாங்கதான பதியணும்? பெரம்பலூர்லதான்" என்றார். விக்கிரமங்கலத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஒங்க அத்தைக்கு என்னா தெரியும்? அரியலூருதான். ஒங்கப்பாதான் நாயா அலைஞ்சாரு." மாப்பிள்ளை தலையில் அடிபட்டுக் கிடக்க, இங்கே சம்பந்திகள் இரண்டு பேரும் எந்தப் பக்கத்துக்குப் பெருமை என்று மல்லுக்கு நின்றார்கள். அன்றைக்கு வேனில் இவர்கள் இரண்டு பேருமே வரவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

முதலில் பெரம்பலூர். உட்காரச் சொன்னார்கள், என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். வேப்பமரம் இருந்தது, ஆனால் இந்தப் பக்கத்தில் வேப்பமரம் இல்லாத ஆபீஸ் எங்கே இருக்கிறது? தரை முழுக்க டைல்ஸ். அங்கிருந்த பெண் ஊழியர் பொறுமையாகத் தேடிவிட்டு, "இங்க இல்லக்கா" என்றார். "மாப்ள வூட்டுப் பக்கம், பொண்ணு வூட்டுப் பக்கம், இல்லாட்டி தாலி கட்டுன ஊரு. இந்த மூணுல ஒண்ணுலதான் பதிஞ்சிருப்பாங்க."

தாலி கட்டியது செந்துறைப் பக்கத்துக் கோயிலில். அந்த ஊரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அம்மா அடித்துச் சொன்னாள் என்று அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். காலி சீட்டு இருந்தும் படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். "சீட்டு இருக்குல்ல, உக்காரும்மா" என்று கண்டக்டர் கத்தினார். நின்றால் பஸ் வேகமாகப் போகும் என்று எனக்கு ஒரு நினைப்பு. வழியில், சிங்கப்பூரில் என் வீட்டுக்காரரோடு ஒரே அறையில் தங்கியிருந்த தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "அண்ணி, டாக்டரு ஒண்ணும் புடிகுடுத்துப் பேச மாட்டேங்குறாரு. சீக்கிரமா வரப் பாருங்க." அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சிமெண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வழியை மறித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு டிரைவரையும் மனசுக்குள் திட்டினேன்.

அரியலூரிலும் இல்லை.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினேன். "குனி குனின்னு சொன்னியே, பலகைல என்னா எழுதியிருக்குன்னு ஒரு தடவ நிமிந்து பாத்துருந்தா இன்னிக்கு நான் இப்படி நாயா அலைவனா? அந்த மனுசன் அங்க தனியா கெடக்குறாரும்மா!" அம்மா சன்னமாக, "எங்கம்மா எனக்கு சொன்னத ஒனக்கு சொன்னேன். இப்படி ஆவும்னு நான் கண்டனா" என்றாள். போனை வைத்துவிட்டேன். பாவம் என்று தோன்றியது, கோபமும் போகவில்லை.

செந்துறைக்குப் போய்ச் சேரும்போது ஆபீஸ் மூடும் நேரம். மனுவை வாங்கிக்கொண்டு காலையில் வரச் சொன்னார்கள். மறுநாள் கதவு திறப்பதற்கு முன்பே படியில் நின்றேன். தேடிக்கொண்டிருந்தவர் சட்டென்று கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "இது நீங்கதானம்மா?" எட்டிப் பார்த்தேன். ஜோடிப் படம். அவர் விறைப்பாக முன்னால் பார்க்கிறார். பக்கத்தில் என் வகிடும் மல்லிகைப் பூவும் மட்டும் தெரிகின்றன. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"இங்க முன்னாடி செவப்புத் தரையா இருந்துச்சா சார்?"

"அது பழைய கட்டடம்மா. இடிச்சாச்சு."

முத்திரை வைத்த நகலை வாங்கியபோது எனக்குள் ஒரு வைராக்கியம். இனி எவன் முன்னாலும், எதற்காகவும் தலை குனிவதில்லை. சிங்கப்பூர் போகிற வரைக்கும் அப்படியே இருந்தேன். கண்ணில் பட்ட பலகையை எல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்தேன். விமான நிலையத்தில் கழிப்பறைப் பலகையைக்கூட விடவில்லை.

ஆஸ்பத்திரி அறையின் வாசலில் அந்தத் தம்பி நின்றிருந்தான். உள்ளே இருந்தவரின் தலையும் முகமும் கட்டுக்குள். மூக்கில் குழாய். தெரிந்த கொஞ்ச இடமும் வீங்கி, யாரோ போல இருந்தார். ஒரு நர்ஸ் ஏதோ கேட்டாள். "ஒங்க வூட்டுக்காரர்தானான்னு கேக்குறாங்க அண்ணி" என்றான். சான்றைக் கையில் வைத்திருந்தேன். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தலை தானாகக் குனிந்தது.

கட்டில் ஓரத்தில் போர்வை விலகியிருந்தது. வலது காலில், சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"இவருதான்" என்றேன். சான்றைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அந்த விரலைப் பிடித்தேன். சூடாக இருந்தது.