பட்டினித் தண்ணீர் தேடிக் கீரிமலைக்கு

கீரிமலைக்குப் பலர் குளிக்கப் போவார்கள், சிலர் சாம்பல் கரைக்கப் போவார்கள். நான் இந்தப் பங்குனியில் இரண்டு போத்தல் தண்ணீர் எடுக்கப் போனேன்.

என் மனைவி நுண்ணுயிர் ஆய்வாளர். நான் அதே ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளன். கீரிமலைக் கேணியிலிருந்து எடுத்த பற்றீரியாக்களை உணவில்லாமல் ஒரு குடுவையில் விட்டிருந்தாள். பெரும்பாலானவை செத்துவிடும். மிஞ்சியவை, செத்தவற்றிலிருந்து கசிவதைத் தின்று கிடக்கும். அவை பெருகும்போது மரபணுவில் தற்செயலாகப் பிழைகள் விழும். எந்தப் பிழை பசியைத் தாங்க உதவுகிறதோ, அதைச் சுமப்பவையே மெல்ல மெல்லக் குடுவையைப் பிடித்துக்கொள்ளும். கடைசிச் சோதனை மட்டும் பாக்கி: பட்டினி கிடந்தவற்றையும் கிடக்காதவற்றையும் ஒரே கேணித் தண்ணீரில் விட்டு, எது தாங்குகிறது என்று பார்ப்பது. அதற்குள் தை மாதம் காய்ச்சலில் அவள் இறந்துபோனாள். இந்த மாதத்துக்குள் முடிக்காவிட்டால் குடுவையை அழித்துவிடுவோம் என்றார்கள் ஆய்வுகூடத்தில்.

யாழ். நகரிலிருந்து காலை ஆறரைக்கு ஓட்டோ. பண்டத்தரிப்பு வழியாக இருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். போய்வர நாலாயிரம் ரூபாய். வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போய் இறங்கிய பிறகுதான் உறைத்தது: அவள் தண்ணீர் மாதிரி எடுத்தது பெண்கள் கேணியில். சுற்றிவர மதில்.

"எட்டியும் பாக்கேலாது தம்பி. எனக்கும் சேத்து அடி வாங்கித் தராதேங்கோ" என்றார் ஓட்டோக்கார அண்ணை.

குளிக்க வந்த அக்கா ஒருவர் போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நிரப்பிக்கொண்டு வந்து பெருமையாகச் சொன்னார்: "சவுக்காரம் போட்டு வடிவாக் கழுவிப்போட்டுத்தான் நிரப்பினனான்."

கிருமி நீக்கிய போத்தல் அது; சவுக்காரம் பட்டால் சோதனைக்கு உதவாது. அண்ணை சிரித்தே விட்டார். இனி இருப்பது ஒன்றுதான்.

"இதைக் கழுவ வேண்டாம் அக்கா. தண்ணிக்குள்ளை அமத்தித் திறந்து, அங்கையே மூடுங்கோ."

"உவ்வளவு கவனமெண்டால் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வாறதுதானே?"

"அவ செத்துப்போனா அக்கா."

அதுவரை அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. எல்லோருக்கும் சொன்னது அவளுடைய தமையன்தான்.

அக்கா போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது தோள்வரை நனைந்திருந்தார். "போத்தல் கழுத்திலை கை படேல்லை" என்று போத்தலை நீட்டினார். பிறகு, "உதுக்குள்ளை இருக்கிறதுகள் என்னத்தைத் தின்னும்?"

"செத்ததுகள் விட்டதை."

"நீங்கள்?"

அக்கா தன் புட்டுப் பார்சலைப் பிரித்துப் பாதியை என் கையில் வைத்தார். மதிலோரம் நின்று தின்றேன். உப்புக் கொஞ்சம் கூடியிருந்தது.

தண்ணீர் மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு: விடியவே போங்கள். அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று பாலும் எள்ளும் பிண்டமும் கரையும். ஐஸ்பெட்டி கொண்டுபோங்கள். பெண்கள் கேணி என்றால் துணைக்கு ஒரு பெண் வேண்டும், சவுக்காரக் கதையை முதலே சொல்லிவையுங்கள்.

சோதனை முடிந்தது. பட்டினி கிடந்தவைதான் தாங்கின. ஆனால் அவை தொடக்கத்தில் விட்ட அதே பற்றீரியாக்கள் இல்லை. முடிவை ஆய்விதழுக்கு அவள் பெயரில் அனுப்பினேன். பிறகு குடுவைக்குள் முதல் தடவையாக உணவு விட்டேன். மறுநாள் காலை தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தது. பெருகத் தொடங்கினால் அப்படித்தான் தெரியும்.